கல்முனைக் கரையோரம்: பள்ளிவாசலும் அரசியலும்

அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் மார்க்கமும் அரசியலும் கலந்தது பெரும்பாலும் பள்ளிவாசல் நிருவாகத்தின் வழியேதான். தாய்வழிக் குடிகள் தத்தம் பிரதிநிதிகளான மரைக்காயர்களைப் பள்ளிக்கு அனுப்பின. ஊர்ப் பிணக்குகளும் அங்கேயே தீர்ந்தன. 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டம் பள்ளிவாசல்களின் நம்பிக்கையாளர் சபைகளை அரசின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது.

சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த சட்டத்தரணி எம்.எச்.எம். அஷ்ரப் பள்ளிவாசலைச் சுற்றிய இந்த ஊர்க் கட்டமைப்பைக் கட்சியாக்கினார். 1981இல் காத்தான்குடியில் உருவான ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ், 1986இல் அரசியல் கட்சியானது. குர்ஆனும் ஹதீஸும் அதன் வழிகாட்டிகள். மரம் அதன் சின்னம். கிராஅத் எனும் குர்ஆன் ஓதலோடு கூட்டம் தொடங்கும், தக்பீர் முழங்கும். மொழி மார்க்கத்தினுடையது, கோரிக்கைகளோ காணி, பாதுகாப்பு, பிரதிநிதித்துவம் பற்றியவை. 1988இல் வடக்கு கிழக்கு மாகாண சபையில் கட்சிக்கு 17 ஆசனங்கள் கிடைத்தன. 1994இல் அஷ்ரப் அமைச்சரானார். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அவர் விட்டுச்சென்ற பெரும் சொத்து. 2000 செப்டம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் மறைந்தபின் கட்சி பிளவுபட்டது.

இதே காலத்தில் தப்லீக், ஜமாஅத்தே இஸ்லாமி, தவ்ஹீத் அமைப்புகளின் பிரசாரமும் வளர்ந்தது. கல்முனைக்குடி கடற்கரைப்பள்ளியில் நாகூர் இறைநேசர் சாகுல் ஹமீது நாயகத்தின் பெயரால் நடக்கும் கொடியேற்றம் மார்க்கத்தில் கூடுமா என்ற சர்ச்சை ஊருக்குள் மூண்டது. ஆனால் அந்தக் கொள்கைச் சண்டை தேர்தலைத் தீர்மானிக்கும் அளவுக்கு வளரவில்லை.

தேர்தலைத் தீர்மானித்தது ஊர். கல்முனையை அடுத்த சாய்ந்தமருதுக்கு 1987 வரை கரைவாகு தெற்கு என்ற தனிக் கிராம சபை இருந்தது. பின்னர் அது கல்முனையோடு இணைக்கப்பட்டது. இழந்த சபையைக் கேட்டுக் கேட்டு அலுத்த ஊர், ஜும்ஆப் பெரிய பள்ளிவாசலின் தலைமையில் திரண்டது. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் பள்ளிவாசல் ஆதரித்த சுயேச்சைக் குழு தோடம்பழச் சின்னத்தில் நின்று, கல்முனை மாநகர சபையில் 9 ஆசனங்களை வென்றது. அஷ்ரப்பின் கட்சிக்கு அதன் சொந்த மண்ணில் விழுந்த பலத்த அடி அது. பள்ளிவாசலே வேட்பாளர்களை முன்னிறுத்தினால் மாற்றி வாக்களிப்பவருக்கு ஊரில் என்ன இடம் என்ற கேள்வியும் நியாயமானதே.

அடுத்த ஆண்டு ஈஸ்டர் தாக்குதல் நடந்தது. 2019 ஏப்ரல் 26 இரவு, அதன் சூத்திரதாரி சஹ்ரானின் உறவினர்கள் பதுங்கியிருந்த சாய்ந்தமருது வீட்டில் குண்டுகள் வெடித்தன. 6 பிள்ளைகள் உட்பட 15 பேர் இறந்தனர். புதிதாகக் குடிவந்தவர்கள்மீது சந்தேகம் கொண்டு தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. ஆனாலும் மே மாதத்தில், குத்பா பிரசங்கங்களின் ஒலிப்பதிவை ஒப்படைக்குமாறு நாடெங்குமுள்ள பள்ளிவாசல்களை அரசு பணித்தது.

2020 பெப்ரவரி 14இல் சாய்ந்தமருது கேட்டுவந்தபடி அதற்குத் தனி நகர சபை வழங்கி வர்த்தமானி வெளியானது. தென்னிலங்கையில் எதிர்ப்புக் கிளம்ப, சில நாட்களிலேயே அமைச்சரவை அதை நிறுத்திவைத்தது.