மூடிய பெட்டிக்குள் இருந்து வேகத்தைக் கண்டுபிடிக்கலாமா?

போன கிழமை தரம் 10இல் ஆர்முடுகல் படிப்பித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை கேட்டது: "சேர், வெளியில ஒண்டும் தெரியாத பெட்டிக்குள்ள இருந்தா, நாம என்ன வேகத்துல போறமெண்டு சொல்லேலுமா?"

நல்ல கேள்வி. இதற்கு விடை தேடி ஆட்கள் பனிக்கடலுக்குக் கீழே போன கதை பாடப்புத்தகத்தில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஜேர்மனியில் ஹெர்மன் அன்ஷூட்ஸ்-கெம்ப்ஃபே என்று ஒருவர். படித்தது கலை வரலாறு! ஆனால் 1900களின் தொடக்கத்தில் அவருக்கு வந்த ஆசை, நீர்மூழ்கிக் கப்பலில் வட துருவம் போவது. இரும்புக் கூட்டுக்குள் காந்தத் திசைகாட்டியை நம்ப முடியாது. எனவே வேகமாகச் சுழலும் சக்கரத்தை வைத்துத் திசை காட்டும் ஜைரோ திசைகாட்டியைச் செய்தார். 1908இல் ஜேர்மன் போர்க்கப்பலில் அதைப் பரீட்சித்தார்கள். துருவத்துக்கு மட்டும் அவர் போகவே இல்லை.

திசை சரி, வேகம்? மாறாத வேகத்தில் போனால் உடம்புக்கு ஒன்றும் தெரியாது. தெரிவது ஆர்முடுகல் மட்டும்தான். புறப்பட்ட நேரத்திலிருந்து ஒவ்வொரு ஆர்முடுகலையும் கூட்டிக்கொண்டே வந்தால் வேகம் வரும். வேகத்தைக் கூட்டினால் தூரம் வரும். வங்கிப் புத்தகத்தில் வைப்பை மட்டும் பார்த்து மீதியைக் கணக்குப் பார்ப்பது போல.

ஆபத்தும் இந்தக் கூட்டலில்தான். கருவி செக்கனுக்குச் செக்கன் 0.001 மீற்றர் பிழையாக ஆர்முடுகலைக் காட்டுகிறது என்று வையுங்கள். ஒரு நிமிடத்தில் தூரப் பிழை 1.8 மீற்றர்தான். வெறுமனே கூட்டிக்கொண்டே போனால் ஒரு மணித்தியாலத்தில் 6.48 கிலோமீற்றர்! இதற்கு ஒரு வழி காட்டியவர் அன்ஷூட்ஸின் உறவினர் மக்ஸ் ஷூலர். கருவியை 84.4 நிமிட ஊசலைப் போல நடக்கும்படி அமைத்தால், இந்தப் பிழை எல்லையில்லாமல் வளராமல் அங்கும் இங்கும் ஊசலாடும் என்று 1923இல் எழுதினார்.

1957 செப்டம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் அணுசக்தி நீர்மூழ்கி 'நோட்டிலஸ்' பனிக்குக் கீழே 87 பாகை வரை போனது. அங்கே ஜைரோ திசைகாட்டிகளுக்கு மின்சாரம் நின்றுபோனது. அந்தப் பக்கம் காந்தப்புலம் ஏறக்குறைய நேரே கீழ்நோக்கி இருப்பதால் காந்த ஊசியும் தடுமாறும். மேலே பனிக்கூரை, நினைத்த இடத்தில் எழும்பவும் முடியாது. கப்பல் திரும்பி வந்தது.

அடுத்த வருடம் N6A என்ற கருவியைப் பூட்டினார்கள். அது நவாஹோ என்ற ஏவுகணைக்காக உருவான தொழில்நுட்பம். ஏவுகணைத் திட்டம் கைவிடப்பட, கருவி கடலுக்கு வந்தது. ஜைரோக்கள் ஒரு மேடையை அசையாமல் பிடித்திருக்க, அதன் மேலுள்ள ஆர்முடுகல்மானிகள் கணக்கு எழுதின. 1958 ஓகஸ்ட் 1இல் அலாஸ்காவுக்கு அப்பால் மூழ்கி, 3ஆம் திகதி 116 பேருடன் துருவத்தைக் கடந்து, 5ஆம் திகதி கிறீன்லாந்துப் பக்கம் வெளியே வந்தார்கள். பனிக்குக் கீழே 96 மணித்தியாலம், சுமார் 1,830 மைல்.

இன்று ஆர்முடுகல்மானி, ஜைரோ, காந்தமானி மூன்றும் அநேகமான போன்களில் இருக்கின்றன. ஜைரோவின் திசை மெல்ல மெல்ல விலகும்போது காந்தமானி அதைத் திருத்தும். ஆனால் இரும்பு கேற்றுக்குப் பக்கத்தில் கிப்லா ஆப்பைத் திறந்து பாருங்கள். அன்ஷூட்ஸைத் தடுத்த அதே இரும்புதான், முள்ளு ஒரு பக்கம் இழுபடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு அந்தப் பிள்ளை விடவில்லை. "அப்ப நடந்து போற ஆளுக்கும் பிழை கூடிக்கொண்டே போகுமா சேர்?" கூடும். அதனால்தான் சில ஆராய்ச்சிகளில் உணரியைச் சப்பாத்தில் பூட்டுகிறார்கள். பாதம் நிலத்தில் ஊன்றி நிற்கும் அந்தக் கணத்தில் அதன் வேகம் பூச்சியம். கருவி வேறு எண்ணைக் காட்டினால் அவ்வளவும் பிழை, உடனே கழித்துவிடலாம். அடுத்த அடியில் மறுபடியும்.