சரக்கு வண்டியும் அதன் எண்ணும்



கூலிம் ஹைடெக் பூங்காவின் சாலையோரத்தில் சற்று நின்றால், பெரிய இரும்புக் கொள்கலன்களை ஏற்றிய லோரிகள் வரிசையாகப் போவதைக் காணலாம். 1996-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பூங்காவில் வேலை செய்யும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கொள்கலனிலும் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் இருக்கும். முதல் மூன்று எழுத்துகள் உடைமையாளரைக் குறிக்கும். நான்காவது எழுத்து அது என்ன வகைச் சாதனம் என்று சொல்லும். அடுத்த ஆறு இலக்கங்கள் அதன் சொந்த எண். கடைசி இலக்கம், மற்றவற்றைக் கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்பு எண். எழுதும்போது ஓர் இலக்கம் பிசகினால் பெரும்பாலும் இது காட்டிக் கொடுத்துவிடும்.

இவ்வாறு எண்ணைக் கொண்டு சரக்கைப் பின்தொடர்வது ரயில்வேக்குப் பழைய பழக்கம். இங்கிலாந்தில் அன்று பல கம்பெனிகள் தனித்தனியே ரயில் பாதைகள் நடத்தின. ஒரு கம்பெனியின் பெட்டி மற்றொன்றின் பாதையில் ஓடும். யார் யாருக்குக் கூலி கொடுப்பது? இதற்கென 1842-இல் லண்டனில் ஒரு கணக்குத் தீர்ப்பு நிலையம் அமைந்தது. அதன் ஊழியர்கள் பாதைகள் கூடும் சந்திப்புகளில் நின்று, கடந்து செல்லும் பெட்டிகளின் எண்களை நோட்டில் எழுதினார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டை அறிவோம். வண்டிக்கு ஓர் எண் உண்டு. அது அன்றைய பயணத்திற்கு உரியது. பெட்டிக்கு ஓர் எண் உண்டு. அது பெட்டியோடு கூடவே இருப்பது. பிரிட்டனில் வண்டியின் எண்ணுக்கு நான்கு குறிகள். முதற் குறியே அது பயணி வண்டியா, சரக்கு வண்டியா, எவ்வளவு வேகம் போகலாம் என்பதைச் சொல்லிவிடும். இந்தியாவிலோ சரக்குப் பெட்டிக்கு 11 இலக்கங்கள். பெட்டியின் வகை, எந்த ரயில்வேக்கு உரியது, செய்யப்பட்ட ஆண்டு, வரிசை எண், சரிபார்ப்பு எண் எல்லாம் அதில் அடங்கும்.

எண்ணின் பயன் என்ன? பொறுப்பு. பெட்டி தொலைந்தால் பதில் சொல்ல ஒருவர் இருப்பார்.

நம் கெடா வழியே செல்லும் பாதை, 1918-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் பாடாங் பெசாரில் சயாம் பாதையோடு இணைந்தது. அதன்பின் சரக்குகள் எல்லை தாண்டிப் போய் வந்தன. அதே பாதையில்தான் ஜப்பானியர் காலத்தில், 1943-இல், நம் தோட்டத்து மக்கள் சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு பான்போங் கொண்டு செல்லப்பட்டார்கள். சயாம் - பர்மா பாதை 415 கிலோமீட்டர். அதற்காக மலாயாவிலிருந்து தண்டவாளங்களும் பெட்டிகளும் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டன.

போர் முடிந்தபின், 1946-இல், அப்பாதையின் தாய்லாந்துப் பகுதி 12 லட்சத்து 50 ஆயிரம் பவுனுக்கு விற்கப்பட்டது. பறிக்கப்பட்ட ரயில் பொருள்களுக்கு அப்பணத்திலிருந்து ஈடு தரப்பட்டது. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குச் சுமார் 7 ஆயிரம் கல்லறைகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயரும் படை எண்ணும் பொறித்திருக்கிறது. மாண்ட ஆசியத் தொழிலாளர்களோ 90 ஆயிரம் பேர் வரை இருக்கலாம் என்பர். அவர்களுக்கு முழுமையான பெயர்ப் பட்டியல் கிடையாது. பெட்டிக்கு எண் இருந்தது. அதனுள் போன மனிதருக்கு இல்லை.

ஆகவே நேயர்களே, இன்றிரவே ஒரு நோட்டை எடுங்கள். உங்கள் குடும்பத்திலிருந்து சயாமுக்குப் போனவர் எவரேனும் உண்டா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பெயர், தோட்டம், போன ஆண்டு, திரும்பினாரா இல்லையா என்பதை எழுதி வையுங்கள். சந்திப்பில் நின்று பெட்டியின் எண்ணை எழுதியவர்களைப் போல, நம்மவர் பெயரை நாமே எழுதுவோம்.