டைனோஃபிளாஜெல்லேட் புதைபடிவக் கூடுகள்

டைனோஃபிளாஜெல்லேட்டுகள் கடலிலும் நன்னீரிலும் வாழும் ஒருசெல் உயிர்கள். இரண்டு கசையிழைகளால் சுழன்று சுழன்று நீந்துபவை. இவற்றுள் பலவற்றின் உடலைச் செல்லுலோஸ் தகடுகளாலான கவசம் மூடியிருக்கும். செல் இறந்ததும் கவசம் சிதைந்துபோகும். ஆனால் சில இனங்களில் பாலினச் செல்கள் இணைந்து உருவாகும் கருச்செல், கவசத்துக்குள்ளேயே தன்னைச் சுற்றி ஒரு கெட்டிக் கூட்டைக் கட்டிக்கொண்டு கடலடிச் சேற்றில் உறங்குகிறது. சிஸ்ட் எனப்படும் இந்தக் கூடுதான் பாறையில் எஞ்சுவது. பெரும்பாலான புதைபடிவக் கூடுகளின் சுவர் டைனோஸ்போரின் என்ற கரிமப் பொருளாலானது. பாறையையே கரைத்துவிடும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்கும் அது அசைந்துகொடுப்பதில்லை. அதனால் பாறைத் துண்டுகளை அமிலத்தில் கரைத்து, மிச்சத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆராய முடிகிறது. கூடுகளின் அளவு பொதுவாக 20 முதல் 150 மைக்ரான். சுண்ணாம்புச் சுவர் கொண்ட கூடுகளும் உண்டு. அவை தனிக் குழு.

1830களில் ஜெர்மானிய அறிஞர் கிறிஸ்டியான் காட்ஃபிரீட் எரன்பெர்க், கிரீத்தேசியக் காலத்துச் சிக்கிமுக்கிக் கல்லின் மெல்லிய சில்லுகளில் இவற்றை முதலில் கண்டார். தகட்டு அடையாளம் தெளிவாக இருந்த சிலவற்றை டைனோஃபிளாஜெல்லேட் என்றே சரியாக இனங்கண்டார். முட்கள் நீட்டிய உருண்டைகளையோ நன்னீர்ப் பாசி வகையான சாந்திடியம் என்று எண்ணிவிட்டார். 1850இல் இங்கிலாந்தின் கிடியன் மாண்டெல் அவற்றுக்கு ஸ்பினிஃபெரைட்டிஸ் என்று பெயரிட்டார். 1933இல் ஓட்டோ வெட்செல் ஹிஸ்ட்ரிகோஸ்ஃபியர் என்ற குழுப்பெயரின் கீழ் முள்ளுருண்டைகளைத் திரட்டினார். ஐசனாக், டெஃப்ளாண்டர் என்ற ஆய்வாளர்களும் அவற்றை விரிவாக விவரித்தார்கள். ஆனால் அவை எந்த உயிரின் எச்சம் என்பது மட்டும் விளங்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக முட்களே கண்ணைப் பறித்ததால், மேற்பரப்பில் இருந்த வேறொரு சான்றை யாரும் பொருட்படுத்தவில்லை.

அந்தச் சான்று சுவரில் காணப்பட்ட ஓட்டை. உடைந்து போன இடம் என்று பலரும் கடந்துபோன அதை, 1961இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் வில்லியம் எவிட் நின்று பார்த்தார். ஒரே இனத்தின் கூடுகள் அனைத்திலும் அது ஒரே இடத்தில், ஒரே வடிவில் இருந்தது. அதன் ஓரங்கள் கவசத் தகடுகளின் எல்லைகளோடு பொருந்தின. அது உள்ளிருந்த செல் உறக்கம் கலைந்து வெளியேறிய வாசல் என்று அவர் காட்டினார்; ஆர்க்கியோபைல் என்று பெயரிட்டார். முட்களும் தகடுகளின் ஒழுங்கிலேயே நிற்கின்றன என்றதும், முள்ளுருண்டைகளில் பெரும்பகுதி டைனோஃபிளாஜெல்லேட் கூடுகள் என்பது உறுதியாயிற்று. எந்த உயிர் என்று சொல்ல இயலாத எச்சங்களுக்கு 1963இல் அவர் அக்ரிடார்க் என்ற தனிப் பெயரை ஒதுக்கினார். தெரியாததைத் தெரியாதது என்றே தனித்து நிறுத்திய அந்தப் பிரிப்பு, கண்டுபிடிப்புக்கு நிகரான தெளிவு.

கூடுகளின் புற அமைப்பு கவசத்தோடு உள்ள இந்தத் தொடர்பிலிருந்தே விளக்கம் பெறுகிறது. கூடு கவசத்தை ஒட்டியே உருவாகி அதன் வடிவத்தை அப்படியே ஏற்றால் அது நெருங்கு வகை. உள்ளே சுருங்கி உருவாகி, முட்களை மட்டும் கவசத்தின் உட்புறம் வரை நீட்டினால் முள் வகை. சுவர் இரண்டு அடுக்காகி நடுவே வெற்றிடம் இருந்தால் குழிவு வகை. ஹிஸ்ட்ரிகோஸ்ஃபேரிடியத்தில் தகடு ஒன்றுக்கு ஒரு முள். ஸ்பினிஃபெரைட்டிஸில் தகடுகள் கூடும் மூலைகளில் முட்கள். இடையைச் சுற்றிய கச்சைப் பள்ளத்தின் தடமும் பல கூடுகளில் தெரியும்.

வகைப்பாட்டுக்கு முட்களைவிடத் தகட்டு ஒழுங்கே உறுதியான அடிப்படை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் கோஃபாய்ட் உயிருள்ள செல்களின் தகடுகளுக்கு வகுத்த எண்முறை, கூடுகளுக்கும் பயன்பட்டது. கோனியாலக்ஸ் வரிசையைச் சேர்ந்த பல கூடுகளில் கச்சைக்கு மேலுள்ள தகடுகளில் ஒன்று பெயர்ந்து வாசல் அமைகிறது. சிலவற்றில் உச்சித் தகடுகள் மொத்தமாகவே கழன்றுவிடும். பெரிடினியம் வரிசையில் வாசல் பெரும்பாலும் உச்சித் தகடுகளுக்கும் கச்சைக்கு மேலுள்ள தகடுகளுக்கும் இடையே செருகிய தகட்டில் அமையும். மேலே ஒரு கொம்பு, கீழே இரண்டு கொம்புகள் என்ற வடிவமும் இதில் அடிக்கடி வரும். வாழும் இனங்களையும் புதைபடிவங்களையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்த ஃபென்சம் குழுவினரின் வகைப்பாடு 1993இல் வெளிவந்தது.

பெயரிடலில் மட்டும் சிக்கல் நீடிக்கிறது. 1960களில் டேவிட் வாலும் பாரி டேலும் இன்றைய கடற்சேற்றில் எடுத்த கூடுகளை ஆய்வகத்தில் வைத்து, அவற்றிலிருந்து செல்கள் வெளிவரச் செய்தார்கள். ஸ்பினிஃபெரைட்டிஸ் கூட்டிலிருந்து வந்தது கோனியாலக்ஸ்! ஒரே உயிருக்குக் கூட்டின் பெயர் ஒன்று, நீந்தும் செல்லின் பெயர் ஒன்று என்று இரண்டு பெயர்கள் இருப்பது அப்போது வெளிப்பட்டது. கோனியாலக்ஸ் ஸ்பினிஃபெரா என்று ஒன்றாகக் கருதப்பட்ட செல்களிலிருந்து பல வடிவக் கூடுகள் கிடைத்தன. ஆகவே ஒரு கூட்டுக்கு ஓர் இனம் என்று எளிதாக இணைத்துவிட முடிவதில்லை.

ஐயத்துக்கு இடமில்லாத கூடுகள் டிரையாசிக் காலத்தின் நடுப்பகுதியிலிருந்து கிடைக்கின்றன. ஜுராசிக், கிரீத்தேசியக் காலங்களில் வகைகள் பெருகின. இனங்கள் தோன்றி மறையும் வேகத்தால் கடற்பாறைகளின் வயதைக் கணிக்க இவை உதவுகின்றன. வடகடல் எண்ணெய்க் கிணறுகளில் இம்முறை பெரிதும் பயன்பட்டது. சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி திடீரென வெப்பமுற்றபோது அபெக்டோடினியம் என்ற பேரினம் உலகெங்கும் பெருகியது. திருச்சி அருகே டால்மியாபுரத்தின் கிரீத்தேசியச் சாம்பல்நிறக் களிப்பாறையிலும் இக்கூடுகள் ஆராயப்பட்டுள்ளன.

டிரையாசிக்குக்கு முந்தைய வரலாறு வேதித் தடயங்களில் தேடப்படுகிறது. டைனோஃபிளாஜெல்லேட்டுகளோடு தொடர்புபடுத்தப்படும் ஸ்டீராய்டு மூலக்கூறுகள் கேம்பிரியக் காலப் பாறைகளிலேயே கண்டறியப்பட்டுள்ளன. தகட்டு ஒழுங்கோ வாசலோ காட்டாத பழைய அக்ரிடார்க்குகளுள் சில, இவற்றின் முன்னோர் விட்டுச்சென்ற கூடுகளாக இருக்கலாம் என்ற கருத்துக்கு அதுவே ஆதாரம்.