போலச்செய்தலும் முகாமையும்: விளையாட்டு முகாமை ஆட்டங்களின் தோற்றம் பற்றிச் சில குறிப்புகள்

1

புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி என வடக்கு நோக்கி நீண்டு செல்வது. கடற்றொழில், உப்பளம், தென்னந்தோட்டம், இறால் வளர்ப்பு என்பவற்றை நம்பி வாழும் இப்பகுதியில், மாலை வேளையிற் பந்து உருளாத திடலைக் காண்பதரிது. உதைபந்தாட்டத்தில் இம்மக்களுக்குள்ள ஈடுபாடு, இங்கிலாந்துக் கழகங்களின் பெயர்களை உள்ளூர்க் கழகங்களுக்குச் சூட்டி மகிழுமளவுக்கு ஆழமானது. ஆயினும் அண்மைக்காலத்தில் இத்திடல்களின் ஓரத்தில் வேறொரு காட்சியும் காணக்கிடக்கின்றது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, இளைஞரொருவர் தம் கைப்பேசித் திரையில் எங்கோ உள்ள கழகமொன்றின் வீரர்களை வாங்குகிறார், விற்கிறார், அணித்தலைவரை மாற்றுகிறார். அவர் பந்தை உதைக்கவில்லை, உதைப்போரைப் பார்க்கவுமில்லை. அவர் முகாமை செய்கிறார்.

ஓர் அணியை நடத்தும் பொறுப்பைப் பாவனையாக ஏற்று ஆடும் இவ்வகை ஆட்டங்களை நாம் முகாமை ஆட்டங்கள் என அழைப்போம். இரசிகர்கள் இவற்றில் முதன்முதலில் எவ்வாறு கட்டுண்டனர் என்பதே இக்கட்டுரையின் வினா. சிறுவர் விளையாட்டென்று இதனை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், எந்தப் பொழுதுபோக்கும் அது தோன்றிய சமுதாயத்தின் உற்பத்தி உறவுகளினின்றும் விலகி நிற்பதில்லை என்பதனை ஏற்றுக்கொள்வோமாயின், கோடிக்கணக்கானோரை ஈர்த்த ஒன்றை ஆராயாது விடுதல் ஆய்வாளர்க்கு அழகன்று.

2

போலச்செய்தல் பற்றி ஜோர்ஜ் தொம்சன் 1945இல் வெளியிட்ட 'மார்க்சியமும் கவிதையும்' என்னும் சிறுநூலிற் கூறியவை ஈண்டு நமக்குத் துணைபுரிவன. மெய்யான தொழில்நுட்பம் போதாதவிடத்து மனிதன் மந்திரமென்னும் மாயத் தொழில்நுட்பத்தை நாடுகிறான் என்பது அவர் கருத்து. மழையை வருவிக்க இயலாதவன் மழையைப் போல ஆடுகிறான். அவ்வாட்டம் மழையைத் தருவதில்லை. ஆயினும் ஆடியவனை மாற்றிவிடுகிறது. அவன் முன்னிலும் கூடிய ஊக்கத்தோடு வயலுக்குத் திரும்புகிறான். எனவே மாயை என்பதனால் மட்டும் ஒன்று பயனற்றதாகிவிடாது. அது மெய்யான தொழிலுக்குத் திரும்பும் வழியைத் திறக்கிறதா, அடைக்கிறதா என்பதே கேள்வியாகும்.

இதனை இக்கரையிலேயே கண்டுகொள்ளலாம். உடப்பில் கரைவலை இழுத்த தொழிலாளர் பாடிய அம்பாப் பாடல்கள், கூட்டுழைப்பின் தாளத்திற் பிறந்தவை. அப்பாட்டு மீனைக் கொண்டுவரவில்லை. வலையிழுத்த கைகளை ஒன்றுசேர்த்தது. ஆனால் வலை எவருக்குரியது, பங்கு எவ்வாறு பிரிக்கப்படும் என்பனவற்றைப் பாட்டுத் தீர்மானிக்கவில்லை. அவை வலைக்குரிய சம்மாட்டியின் கணக்கிலேயே தீர்ந்தன. இழுப்பவர் ஒருவர், கணக்கெழுதுபவர் வேறொருவர் என்னும் இப்பிரிவினையை நாம் மனங்கொள்ளல் வேண்டும். முகாமை ஆட்டத்தின் கவர்ச்சிக்கு அதுவே திறவுகோலாகும்.

3

இவ்வாட்டங்களின் வரலாறு கணினியோடு தொடங்கியதன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1951இல் ரிச்சர்ட் சீற்ஸ் வெளியிட்ட 'அப்பா' என்னும் பேஸ்போல் ஆட்டமும், 1961இல் ஹல் ரிச்மன் வெளியிட்ட 'ஸ்ட்ரட்-ஓ-மெட்டிக்' ஆட்டமும் அட்டைகளையும் தாயக்கட்டைகளையுமே கொண்டிருந்தன. மெய்யான வீரரொருவரின் பருவகாலப் பெறுபேறுகள் அட்டையொன்றிலே எண்களாக மாற்றப்பட்டன. தாயக்கட்டை விழும் வகைக்கேற்ப அவ்வீரர் அடித்தார் அல்லது ஆட்டமிழந்தார். எவரை எப்பொழுது இறக்குவது என்பதை அட்டைகளை வைத்திருந்தவர் முடிவுசெய்தார். முகாமை ஆட்டத்தின் மூன்று கூறுகளும் இங்கேயே தோன்றிவிட்டன: வீரர் எண்ணாதல், தற்செயல், முடிவெடுக்கும் உரிமை.

நம் நாட்டுப் பாடசாலைகளிலும் இதன் எளிய வடிவம் இருந்தது. நாம் மாணவராயிருந்த காலத்திற் புத்தகத்தை விரித்து, பக்க எண்ணின் இறுதி இலக்கத்தை ஓட்டமாகக் கொண்டு துடுப்பாட்டம் ஆடினோம். சுழியம் வந்தால் ஆட்டமிழப்பு. பார்ப்பவர்க்கு இது வெறும் தற்செயல். ஆடியவர்க்கோ பதினொருவரின் வரிசையை அமைப்பதும், அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொருவரின் ஓட்டங்களையும் பதிந்து சராசரி காண்பதுமே இன்பம். பாடம் நடந்த வேளையில் நாம் கணக்கெழுதினோம். கணக்குப் பாடத்தை வெறுத்த நண்பர்களுமே அக்கணக்கைச் சலிப்பின்றி எழுதினர்.

4

கணினியில் இவ்வாட்டம் வேரூன்றிய ஆண்டு 1982. நிரலாளராகத் தொழில் செய்த கெவின் ரொம்ஸ் என்னும் ஆங்கிலேயர், சிறுவயதிலேயே அட்டைகளைக் கொண்டு இத்தகைய ஆட்டமொன்றை அமைக்க முயன்றவர். அவரே எழுதிய 'புட்போல் மனேஜர்' அவ்வாண்டிலே ஒலிநாடாப் பேழைகளில் வெளிவந்தது. தொடக்கத்தில் தபால்மூலமே அது விற்கப்பட்டது. ஆடுபவர் நான்காம் பிரிவிலுள்ள கழகமொன்றைப் பொறுப்பேற்பார். வீரரை வாங்கலாம், விற்கலாம், வங்கியிற் கடன்படலாம், வாரந்தோறும் சம்பளம் கொடுத்தாக வேண்டும், தவறினால் பதவி பறிபோகும். படிப்படியாக மேற்பிரிவுகளுக்கு ஏறுதலே குறிக்கோள். ரொம்ஸ் தம் நிறுவனத்துக்கு இட்ட பெயர் 'அடிக்டிவ் கேம்ஸ்' என்பதாகும். அடிமைப்படுத்தல் இங்கு குறையாகவன்றி விற்பனைச் சிறப்பாகவே விளம்பரப்படுத்தப்பட்டமை நோக்கற்பாலது.

அதே 1982இல் பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தைத் தாண்டியிருந்தது. மறு ஆண்டு ரொட்டன்ஹாம் கழகம் தன் பங்குகளைப் பங்குச்சந்தைக்குக் கொண்டுசென்றது. தொழிலாளர் குடியிருப்புகளிற் பிறந்து வளர்ந்த கழகங்கள் மூலதனத்தின் கைக்கு மாறிய காலமது. மெய்வாழ்வில் எதையும் தீர்மானிக்க முடியாத இளைஞருக்கு, கழகமொன்றின் கதிரை கற்பனையில் வழங்கப்பட்டது. பந்தை உதைக்கும் இன்பத்தை அவ்வாட்டம் தரவில்லை. ஆட்களை வைத்து நடத்தும் இன்பத்தையே தந்தது.

இலங்கையிலோ அதே 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. 1977இற்குப் பின்னான திறந்த பொருளாதாரம் தொலைக்காட்சிப் பெட்டியை ஊர்தோறும் கொண்டுவந்தது. அங்கே இரசிகன் முகாமையாளனாகப் பாவனை செய்யத் தொடங்கிய ஆண்டில், இங்கே அவன் பார்வையாளனாகத் தொடங்கினான். முகாமையாளனாகும் முறை நமக்கு இரு தசாப்தங்கள் கழித்தே வந்தது.

5

போல் கொலியர், ஒலிவர் கொலியர் என்னும் சகோதரர் இருவர் தம் வீட்டறையில் எழுதத் தொடங்கிய 'சம்பியன்ஷிப் மனேஜர்' 1992 செப்டெம்பரில் வெளிவந்தது. அதற்கு முந்திய மாதமே இங்கிலாந்தின் பிரிமியர் லீக் தொடங்கியிருந்தது. முதற் பதிப்பில் வீரர் பெயர்கள் கற்பனையானவை. அடுத்த ஆண்டிலேயே மெய்ப்பெயர்கள் இடம்பெற்றன. துடுப்பாட்டத்துக்கு 1998இல் 'இன்டர்நஷனல் கிரிக்கெட் கப்டன்' வந்தது. குறுந்தட்டுப் படிகள் மூலமாக இவை நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தன. இக்கரையோரத்திற் கணினி வகுப்பு நடத்திய அறைகளில், வகுப்பு முடிந்த பின்னரும் எழுந்து போகாதவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுள் நாமும் இருந்தோம்.

ஏன் எழவில்லை? இன்னுமோர் ஆட்டம், அதன்பின் இன்னுமொன்று எனப் பருவகாலம் முடிவதேயில்லை. வென்றால் அது நம் அறிவின் வெற்றி. தோற்றால் அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம். இவ்வாட்டத்தின் திரையில் இருந்தவை பெரும்பாலும் பெயர்ப்பட்டியல்களும் கணக்குகளுமே. அலுவலக எழுதுவினைஞரின் வேலை இன்பமாகத் தோன்றியது. தன் உழைப்பிலிருந்து அந்நியப்பட்டவன், தன் முடிவுக்கும் அதன் விளைவுக்கும் இடையிலான தொடர்பைக் கண்ணாற் காண விழைகிறான். உப்பின் விலையையும் மீனின் விலையையும் தீர்மானிக்க இயலாத ஊரில், இறாற் பண்ணைகளை 1996இல் வெண்புள்ளி நோய் அழித்தபோது கைகட்டி நின்ற ஊரில், அவ்விழைவு கூர்மையாக இருந்ததில் வியப்பில்லை.

ஆனால் அம்முகாமையாளனின் பார்வை எத்தகையது? வீரர் அவனுக்கு எண்களின் தொகுதி, விலையுள்ள பண்டம். காம்பியாவிற் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த சேர்னோ சாம்பா, 2001ஆம் ஆண்டுக்குரிய பதிப்பில் உலகின் தலைசிறந்த முன்வரிசை வீரராக வளர்ந்தார். மெய்த்திடலில் அவருக்கு அந்நிலை கிட்டவில்லை. இன்றும் பலர் அவரை நினைப்பது அந்த எண்களுக்காகவே. தொழிலாளியின் பிள்ளை, சக தொழிலாளியை முதலாளியின் கண்கொண்டு பார்க்கப் பழகுகிறான். இதுவே இவ்வாட்டங்களின் ஆழமான கருத்தியற் செயற்பாடு என்போம்.

6

இன்னொன்றும் உண்டு. இவ்வீரர்களின் எண்களைத் திரட்டியவர் எவர்? பெரும்பாலும் இரசிகர்களே. கழகந்தோறும் ஆட்டங்களைப் பார்த்துத் தகவல் அனுப்பிய அவர்களை ஊக்குவித்தது ஊதியமன்று, ஈடுபாடு. அவ்வாறு திரண்ட தரவுகளைப் பயன்படுத்த 2008இல் எவர்ட்டன் கழகம் உடன்படிக்கை செய்துகொண்டது. 2014இல் கழகங்களுக்கு வீரர்த் தகவல் விற்கும் புரோசோன் நிறுவனமும் அவ்வழியில் இணைந்தது. விளையாட்டாகத் தொடங்கியது உழைப்பாயிற்று, உழைப்பு பண்டமாயிற்று, அப்பண்டத்தின் உரிமையோ உழைத்தவரிடம் இல்லை. கரைவலையின் பங்குக்கணக்கை அறிந்தவர்க்கு இது புதிதன்று.

இந்தியாவில் இப்போக்கு நேரடியான பணப்பந்தயமாயிற்று. 2008இல் தோன்றிய 'ட்ரீம் 11' போன்ற நிறுவனங்கள் அணித்தேர்வையே பணயமாக்கின. 2025 ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பணத்துக்கு ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

7

எனினும் இவ்வாட்டங்களை முற்றாகப் பழித்தல் இயங்கியல் நோக்காகாது. கழகம் என்பது பந்தும் சீருடையும் மட்டுமன்று, கடனும் சம்பளமும் உரிமையும் சேர்ந்தது என்பதை இரசிகனுக்கு இவையே கற்பித்தன. கற்றவர் சிலர் மெய்யாகவே முகாமையைக் கோரினர். 2007இல் 'மைபுட்போல்குளப்' என்னும் இணைய அமைப்பின் உறுப்பினர்கள் ஆளுக்கு 35 பவுண் செலுத்தி, மறு ஆண்டு எப்ஸ்பிளீட் யுனைற்றெட் கழகத்தின் பெரும்பான்மை உரிமையைப் பெற்றனர். அணித்தேர்வும் வாக்கெடுப்பால் நடக்கும் என்ற எண்ணமே பலரை ஈர்த்தது. அவ்வாண்டே கழகம் எப்.ஏ. ட்ரொபியை வென்றது. ஆனால் உறுப்பினர் தொகை விரைந்து சரிந்தது; 2013இல் அவர்கள் கழகத்தைக் கைவிட்டனர். திரையில் முகாமை செய்தவர்கள், திடலைச் சூழ்ந்து வாழ்ந்தவர்களல்லர். இதற்கு மாறாக, தம் கழகம் வேறு நகருக்குக் கொண்டுசெல்லப்படுவதை எதிர்த்து 2002இல் உள்ளூர் இரசிகர் அமைத்த ஏ.எப்.சி. விம்பிள்டன் இன்றும் நிலைத்து நிற்கிறது. ஊரில் வேர்கொண்ட கூட்டுரிமைக்கும் தொலைவிலிருந்து செலுத்தும் சந்தாவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நம் நாட்டிலே இவ்வினா மேலும் கூர்மையானது. 2023 சனவரியில் பீபா அமைப்பு இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரிற் சர்வதேச கிரிக்கெட் சபை இலங்கைக் கிரிக்கெட்டை இடைநிறுத்தியது. இரு தடைகளும் பின்னர் நீக்கப்பட்டன. ஆனால் ஓராண்டுக்குள் இரு பெரும் விளையாட்டுகளின் முகாமையும் கேள்விக்குள்ளானபோது, அவற்றைப் போற்றி வளர்த்த இரசிகரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. முகாமை ஆட்டத்தின் மீதான மோகம், முகாமையினின்றும் விலக்கப்பட்டவரின் மோகமே என்னும் நம் முடிவுக்கு இது தக்க சான்றாகும்.

ஆகவே, தொம்சனின் அளவுகோலையே இங்கும் கைக்கொள்வோம். திடலின் ஓரத்தில் கைப்பேசியை நோக்கியிருக்கும் அவ்விளைஞருக்கு அணித்தேர்வும் தெரியும், வரவுசெலவும் தெரியும். அவருடைய ஊர்க் கழகத்துக்கும் நிருவாகக் குழுவொன்றுண்டு, ஆண்டுப் பொதுக்கூட்டமுண்டு, பொருளாளரின் கையிற் கணக்குக் கொப்பியொன்றுமுண்டு. மழைக்காக ஆடியவன் ஆட்டம் முடிந்ததும் வயலுக்குத் திரும்பினான். இவரும் அப்பொதுக்கூட்டத்துக்கு வந்து அக்கொப்பியைத் திறந்து காட்டும்படி கேட்பாராயின், அவர் ஆடிய ஆட்டம் வீண்போனதாகாது. கேளாது திரைக்கே மீள்வாராயின், அவர் எழுதுவது இன்னமும் வேறொருவரின் கணக்கே.