கண்ணுக்கு எட்டாத பகைவன்



முதல் உலகப் போரில் விமானி தன் பகைவனின் முகத்தைக் காணுமளவு நெருங்கிச் சென்று சுட்டான். 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரிலும் இம்முறை பெரிதும் மாறவில்லை. விமானங்கள் ஒலியின் வேகத்தை நெருங்கிவிட்டன. ஆயுதமோ துப்பாக்கியாகவே நின்றது. குறிபார்த்துச் சுடக் கிடைத்த நேரம் ஓரிரு நொடிகளே. ஆகவே பகைவன் கண்ணுக்குப் புலப்படுமுன்னரே அவனை வீழ்த்தவல்ல கணையொன்றை அமெரிக்கக் கடற்படையினர் 1940-களின் பிற்பகுதியிலேயே நாடினர். அம்முயற்சியில் பிறந்ததே 'ஸ்பாரோ', அதாவது சிட்டுக்குருவி. வியட்நாமில் பயன்பட்ட அதன் வகை 12 அடி நீளமும் ஏறத்தாழ 200 கிலோகிராம் எடையும் உடையது. பெயரிட்டவர் நகைச்சுவை மிக்கவர் போலும்!

அது இயங்கும் விதத்தை என் வகுப்புகளில் நான் இவ்வாறு விளக்குவதுண்டு. இருளில் ஒருவன் கைவிளக்கின் ஒளியை ஒரு பொருளின்மீது செலுத்துகிறான். அப்பொருளிலிருந்து திரும்பும் ஒளியை நோக்கி மற்றொருவன் ஓடுகிறான். விளக்குப் பிடிப்பது விமானத்தின் ரேடார், ஓடுவது ஏவுகணை. விளக்கு அணைந்தாலோ, திசை மாறினாலோ ஓடுபவன் குருடனாகிறான். எனவே கணை இலக்கை அடையும்வரை விமானி பகைவனை நோக்கியே பறந்தாக வேண்டும். இக்குறையின் விலையை நினைவிற் கொள்ளுங்கள்.

இக்கணையை நம்பியே 'ஃபேண்டம்' என்னும் போர் விமானம் துப்பாக்கியின்றி வடிவமைக்கப்பட்டது. 1965 ஜூன் 17-ஆம் நாள் வியட்நாமில் இரண்டு மிக்-17 விமானங்களை ஃபேண்டம் விமானங்கள் ஸ்பாரோவால் வீழ்த்தின. நம்பிக்கை பலித்ததெனவே தோன்றியது. ஆனால் அவ்வான்வெளியில் நட்பு விமானங்களும் நிறைந்திருந்தன. ரேடார்த் திரையில் தோன்றும் புள்ளி நண்பனா பகைவனா என்று யார் சொல்வது? பெரும்பாலும் கண்ணால் கண்டு உறுதிசெய்த பின்னரே ஏவலாம் என்று விதித்தனர். தொலைவிலிருந்து தாக்கவென்றே பிறந்த கணை இவ்வாறு நெருங்கிய சண்டைக்குள் இழுக்கப்பட்டது. மிக அருகிலுள்ள இலக்கை அதனால் தாக்கவும் இயலாது. ஈரமும் வெப்பமும் அதன் நுண்கருவிகளைக் கெடுத்தன. அப்போரில் ஏவப்பட்ட சுமார் 600 ஸ்பாரோக்களுள் பத்தில் ஒரு பங்குகூட இலக்கை வீழ்த்தவில்லை.

கடற்படை 1968-இல் இதனை ஆராய்ந்தது. குறை கணையில் மட்டுமன்று, பராமரிப்பிலும் பயிற்சியிலும் உண்டென்று அவ்வாய்வு கண்டது. 1969-இல் மிராமார் என்னுமிடத்தில் விமானிகளுக்கெனத் தனிப் பள்ளி தோன்றியது. விமானப்படையோ, உள்ளேயே துப்பாக்கி பொருத்திய புதிய ஃபேண்டத்தை வரவழைத்தது. கருவி தோற்றவிடத்து ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்தார்கள் என்பது ஆசிரியனாகிய எனக்குச் சற்றே பெருமிதம் தருவதை மறைப்பானேன்?

விளக்கைக் கணையின் கையிலேயே கொடுத்துவிட்டால் என்ன? இவ்வினாவின் விடையே 1991-இல் பணிக்கு வந்த 'ஆம்ராம்'. இதன் எடை ஸ்பாரோவினும் குறைவு. முதலில் இது தன் உட்கருவிகளின் கணக்கைக்கொண்டும், விமானம் அனுப்பும் செய்தியைக்கொண்டும் பறக்கிறது. இறுதிக் கட்டத்தில் தன் சொந்த ரேடாரை இயக்கி இலக்கைத் தானே தேடுகிறது. அதன்பின் விமானி திரும்பிச் செல்லலாம். 1992 டிசம்பர் 27-இல் தென் ஈராக்கின் வானில் ஒரு மிக்-25 இதற்கு முதல் இரையாயிற்று. 2003-இல் சந்திப்பூரில் முதன்முதல் சோதிக்கப்பெற்ற நம் நாட்டின் 'அஸ்திரா'வும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

எனினும் அந்தப் பழைய வினா தீர்ந்துவிடவில்லை. 1994 ஏப்ரல் 14-ஆம் நாள் வட ஈராக்கின்மீது இரண்டு அமெரிக்க விமானிகள் இரண்டு ஹெலிகாப்டர்களைக் கண்டனர். விதிப்படி அருகிற் சென்று கண்ணாலும் பார்த்தனர். பகைவருடையவை என்றே துணிந்தனர். ஒன்றை ஆம்ராம் வீழ்த்தியது; மற்றொன்றை வேறொரு குறுந்தொலைவுக் கணை வீழ்த்தியது. கணைகள் இரண்டும் சிறிதும் பிழைக்கவில்லை. ஹெலிகாப்டர்கள் அமெரிக்கருடையவை. அவற்றில் இருந்த 26 பேரும் மாண்டனர்.