வசைமேல் வரைந்த அணி: திரேசியப் பெண்களின் பச்சை பற்றிய கிளியார்க்கஸ் கூற்று

திரேசியப் பெண்கள் ஏன் பச்சை குத்திக்கொண்டார்கள் என்பதற்குக் கிரேக்கர் சொன்ன காரணங்கள் எல்லாமே கிரேக்கரின் கற்பனை. அவற்றைக் கொண்டு திரேசியரைப் பற்றி எதையும் அறிய முடியாது. இப்படியொரு முடிவு இத்துறையில் நெடுங்காலமாக நிலைபெற்றிருக்கிறது. அடிமையின் நெற்றியிலும் போர்க் கைதியின் நெற்றியிலும் குத்திய குறியையே கண்டு பழகியவர்கள் கிரேக்கர்கள். ஆகவே அயலார் உடலில் குறியைக் கண்டதும் அதற்குப் பின்னால் ஒரு தண்டனையைத் தேடினார்கள் என்று அம்முடிவு விளக்கம் தருகிறது. இதன் பெரும்பகுதியோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால், அத்தினேயஸ் வழியாக நமக்குக் கிடைத்துள்ள கிளியார்க்கஸின் கூற்றையும் அதே கணக்கில் சேர்த்தது தவறு என்று கருதுகிறேன். அக்கூற்றின் முற்பகுதி கிரேக்கர் மனத்திலிருந்து வந்தது. பிற்பகுதியில் வேறொரு குரல் கலந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சோலி நகரத்துக் கிளியார்க்கஸ் அரிஸ்டாட்டிலின் மாணவர். மனிதர்களின் வாழ்க்கை முறைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் அழிந்துவிட்டது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த அத்தினேயஸ், தம் விருந்து உரையாடல் தொகுப்பின் 12ஆம் நூலில் அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்தாள்கிறார். சித்தியர் தொடக்கத்தில் பொதுச் சட்டங்களோடு ஒழுங்காக வாழ்ந்தவர்கள். பிறகு செல்வச் செருக்கால் கொடியவர்களாகித் தாம் சென்ற இடங்களில் இருந்த எல்லாருடைய மூக்கையும் அறுத்தார்கள். சித்தியப் பெண்கள் தங்களுக்கு மேற்கிலும் வடக்கிலும் குடியிருந்த திரேசியப் பெண்களின் உடலில் ஊசியால் குத்திக் குறியிட்டார்கள். பல ஆண்டுகள் கழிந்தபின், அவ்வாறு இழிவுக்குள்ளான பெண்கள் தங்கள் தோலின் எஞ்சிய பகுதிகளிலும் தாங்களே வரைந்துகொண்டார்கள். பலவகைக் கோலங்களுள் தானும் ஒன்றாக எண்ணப்பட்டதால், பழைய வசைக்குறி அணியென்ற பெயருக்குள் கரைந்துபோயிற்று. பகுதி சொல்வது இவ்வளவே.

இதை வழக்கமாக ஃபனோக்ளிஸ் என்ற கவிஞரின் கதையோடு சேர்த்துப் படிக்கிறார்கள். அலெக்சாந்தருக்குப் பிற்பட்ட அக்கவிஞரின் கதையில், ஆர்ஃபியஸைக் கொன்ற மனைவியருக்கு அக்கொலை மறவாதிருக்கும்படி திரேசியக் கணவர்கள் கருங்குறி குத்துகிறார்கள். புளூட்டார்க்கும் இதையே சொல்லி, முன்னோர் செய்த கொலைக்காக இன்றும் மனைவியரைக் குத்தும் திரேசியரை யாரும் மெச்சுவதில்லை என்கிறார். இரண்டு கதைகளிலும் குறி ஒரு பழைய கொடுமையின் எச்சம். இரண்டும் காரணம் கற்பிக்கும் கதைகள். ஆகவே இரண்டும் ஒரே மதிப்புடையவை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த 'ஆகவே'யை என்னால் ஏற்க முடியவில்லை.

ஃபனோக்ளிஸின் கதைக்குச் சான்று மதிப்பு இல்லை என்பதற்கு ஏதென்ஸின் குவளை ஓவியர்களே சாட்சி. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், அதாவது அக்கவிஞருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் முந்தி, ஆர்ஃபியஸ் கொலையைத் தீட்டியவர்கள் அவர்கள். அக்ரோபோலிஸில் கிடைத்த வெள்ளைப் பின்புலக் கிண்ணம் ஒன்றைப் பிஸ்டோக்ஸெனஸ் ஓவியர் என்று நாம் அழைக்கும் கைக்கு உரியதாக்குகிறோம். அதில் கோடரியோடு பாயும் திரேசியப் பெண்ணுக்குப் பச்சை இருக்கிறது. அவள் இன்னும் கொன்று முடிக்கவில்லை. ஓங்கிய கையிலேயே குறி இருக்கிறது. கொலைக்குத் தண்டனையாகக் குறி வந்தது என்ற கதை அந்த ஓவியருக்குத் தெரியாது, அல்லது அதை அவர் பொருட்படுத்தவில்லை. அவருக்கு அது திரேசியப் பெண்ணின் இயல்பான தோற்றம். தண்டனைக் கதை பின்னால் ஒட்டப்பட்டது.

கிளியார்க்கஸிடம் வருவோம். முதலில் கண்ணில் படுவது, கதையின் இப்பாதியில் ஆண்களே இல்லை என்பது. குத்துபவர்களும் பெண்கள், குத்தப்படுபவர்களும் பெண்கள், பின்னர் தம் உடலில் தாமே வரைந்துகொள்பவர்களும் பெண்கள். ஃபனோக்ளிஸிடம் பெண் கணவனின் ஊசிக்கு அடியில் கிடக்கிறாள். இங்கே அவள் செய்பவளாகிறாள். குத்தும் ஊசி கிரேக்கப் பெண்கள் மேலாடையைத் தோளில் பிணைக்கும் ஊசியாக இருப்பதை நான் சான்றாகக் கொள்ளவில்லை. ஹெரோடோட்டஸின் ஐந்தாம் நூலில் ஏதென்ஸ் பெண்கள், போரிலிருந்து தனியாகத் திரும்பிய ஒருவனை அதே ஊசியால் குத்திக் கொல்கிறார்கள். பெண்ணின் சினத்துக்குக் கிரேக்கர் கொடுத்த ஆயுதம் அது. அந்த விவரம் கிரேக்கருடையதாகவே இருக்கட்டும்.

கதையின் நோக்கத்துக்குப் பிற்பகுதி தேவையில்லை என்பதே என் வாதத்தின் நடுப்புள்ளி. சித்தியர் செருக்கால் கெட்டார்கள் என்பதைக் காட்ட, அறுத்த மூக்கும் குத்திய குறியும் போதும். இழிவுபட்ட பெண்கள் பின்னால் என்ன செய்தார்கள் என்பது சித்தியரின் கேட்டைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அறநெறி போதிக்க வந்த ஆசிரியர் ஒருவர், தம் போதனைக்கு உதவாத ஒன்றை இவ்வளவு விரித்துச் சொல்லும்போது, அது அவர் கைக்கு வந்த செய்தியிலேயே இருந்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு. இதைத் திட்டவட்டமாக நிறுவ முடியாது. ஆனால் மாற்றுக் கருத்து, அதாவது அவரே இதையும் புனைந்தார் என்பது, எங்கிருந்து புனைந்தார் என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்.

கிரேக்க வாழ்விலிருந்து புனைந்தார் என்பது வழக்கமான விடை. குறியிடப்பட்டவர்கள் அதை மறைக்க முயன்றதை எல்லாரும் பார்த்திருப்பார்கள் அல்லவா என்கிறார்கள். இங்குதான் சான்றுகளை நெருங்கிப் பார்க்க வேண்டும். கிரேக்க ரோமானிய உலகில் குறியோடு மனிதர்கள் செய்தவை நமக்கு ஓரளவு நன்றாகவே தெரியும். முடியாலும் தலைப்பட்டையாலும் மூடினார்கள். முன்னாள் அடிமை ஒருவன் நெற்றியில் ஒட்டுத்துணிகளை ஒட்டிக்கொண்டு அரங்கில் பகட்டாக அமர்ந்திருப்பதை மார்ஷியல் பாடியிருக்கிறார். ஆறாம் நூற்றாண்டு மருத்துவர் ஏட்டியஸ், குத்துவதற்கான மையின் செய்முறையைத் தந்த கையோடு அதை அழிக்கும் மருந்துகளையும் தருகிறார். மறைத்தல், அழித்தல் என்ற இரண்டு வழிகளே இருந்தன. மேலும் குத்தி அழகாக்கிக்கொள்வது என்ற வழி எங்கும் தென்படவில்லை.

எபிடாரஸ் கோயிலின் கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இதைத் தெளிவாக்குகிறது. நெற்றியில் குறியுள்ள பாண்டரஸ் என்ற தெசாலியன் அஸ்கிளீப்பியஸ் சந்நிதியில் உறங்குகிறான். தெய்வம் கனவில் வந்து அவன் நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டுகிறது. காலையில் அவிழ்த்துப் பார்த்தால் குறி பட்டைக்கு இடம் மாறியிருக்கிறது. தெய்வத்துக்குக் காணிக்கையாக அவன் கொடுத்தனுப்பிய பணத்தை எகெடோரஸ் என்பவன் கையாடுகிறான். அவனுக்கும் நெற்றியில் குறி உண்டு. தெய்வம் பாண்டரஸின் குறியையும் அவன் நெற்றியில் ஏற்றிவிடுகிறது. குறியின்மேல் குறி சேரும் நிகழ்வு கிளியார்க்கஸுக்கு நெருங்கிய காலத்துக் கிரேக்கச் சான்று ஒன்றில் வருவது இங்கே. அதன் பொருள் இரட்டை இழிவு. கிளியார்க்கஸிடமோ குறி கூடக் கூட இழிவு தேய்கிறது. கணக்கே தலைகீழாக இருக்கிறது. தம் நாட்டு அனுபவத்திலிருந்து மட்டும் புனைபவர் இந்தக் கணக்குக்கு வந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பேரரசர் தியோஃபிலஸின் ஆணையால் முகத்தில் செய்யுள் குத்தப்பட்ட துறவிச் சகோதரர்கள் இருவர், பின்னாளில் அக்குறிக்காகவே போற்றப்பட்டார்கள் என்று யாரேனும் சுட்டலாம். அங்கே இழிவு பெருமையானது உண்மை. ஆனால் அது உயிர்த்தியாகம் என்ற கிறித்தவக் கருத்தின் விளைவு. அவர்களும் குறியைக் கூட்டிக்கொள்ளவில்லை. காலத்தாலும் அது மிகப் பிந்தியது.

கிளியார்க்கஸின் சொற்கள் எவை, அத்தினேயஸின் சொற்கள் எவை என்று பிரிக்க முடியாதே என்பது மற்றொரு தடை. செல்வச் செருக்கு பற்றிய சொற்கள் விஷயத்தில் அது வலுவான தடைதான். அத்தினேயஸ் தம் தலைப்புக்கேற்ப மேற்கோளை வளைப்பவர். பிற்பகுதியிலோ அந்தத் தலைப்புக்கு இடமே இல்லை. வளைக்க அவருக்குக் காரணமும் இல்லை. இதில் மேலும் நிற்க வேண்டியதில்லை.

அப்படியானால் இச்செய்தி எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தது? ஹெரோடோட்டஸ் ஐந்தாம் நூலில் ஒரே வரியில் சொல்கிறார்: திரேசியரிடையே குறியுடையவர் உயர்குடிப் பிறந்தவர், குறியில்லாதவர் தாழ்ந்தவர். காரணம் எதுவும் கற்பிக்கவில்லை. அதே நூலில் சற்றுத் தள்ளி, ஓர் அடிமையின் மழித்த தலையில் குத்தி அனுப்பப்பட்ட கமுக்கச் செய்தியைப் பற்றிச் சொல்பவரும் அவரே. அடிமையின் தோலை ஏடாகப் பயன்படுத்தும் உலகத்தை நன்கறிந்தவர், அயலார் வேறு மதிப்போடு வாழ்கிறார்கள் என்பதை அப்படியே பதிந்துவிட்டு நகர்கிறார். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் டியோ கிறிசாஸ்டமும் திரேஸின் சுதந்திரப் பெண்களைப் பற்றி இதையே சொல்கிறார். குடிப்பிறப்பு உயர உயரக் குறிகள் மிகுகின்றன, கோலங்கள் பலவகையாகின்றன. மிகுதியும் பல்வகைமையும் இரண்டு ஆசிரியர்களிடம் தனித்தனியே வருவதைக் கவனிக்க வேண்டும். கிளியார்க்கஸின் பெண்களும் எஞ்சிய தோலெங்கும் பலவகைக் கோலம் வரைகிறார்கள். குறியென்றால் இழிவு என்பது கேட்பவருக்கு உறுதி. திரேசியரிடம் அது அழகும் மதிப்பும் என்பது கண்ணுக்குத் தெரிந்த செய்தி. இரண்டையும் சேர்த்துத் தைக்கத்தான் 'பல ஆண்டுகள் கழிந்தபின்' என்ற இடைவெளி கதைக்குள் வந்தது.

ஒரே ஊசி ஒருவருக்குத் தண்டனையாகவும் இன்னொருவருக்கு அணியாகவும் அருகருகே இருக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1797இல் வங்காளத்தில் சில குற்றங்களுக்கு நெற்றியில் பச்சை குத்தும் தண்டனையைக் கொண்டுவந்தது. 1849இல் அது நீக்கப்பட்டது. அக்காலம் முழுவதும் அதே பகுதிப் பெண்கள் கையிலும் காலிலும் பெருமையோடு பச்சை குத்திக்கொண்டுதான் இருந்தார்கள். பார்ப்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதபடி உடலின் இடமே வேறுபாட்டைச் சொல்லிற்று. கிரேக்கத் தண்டனைக் குறிக்கும் இடம் நெற்றி. சிராக்கூஸில் சிறைப்பட்ட ஏதென்ஸ் வீரர்களுக்கு நெற்றியில் குதிரைக் குறி இட்டதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். குவளைகளில் வரும் திரேசியப் பெண்களின் பச்சையோ பெரும்பாலும் கை, கால், கழுத்தில் இருக்கிறது. ஓவியர்களுக்கு வேறுபாடு தெரிந்திருக்கிறது. பிற்காலக் கதாசிரியர்களே அதை இழந்தார்கள்.

கதையைச் சொன்னது யார் என்பது கடினமான கேள்வி. அருணாசலப் பிரதேசத்தின் அபதானிப் பெண்கள் 1970கள் வரை முகத்தில் பச்சை குத்திக்கொண்டார்கள். மியான்மரின் சின் பெண்களிடமும் அவ்வழக்கம் இருந்தது. அண்டை இனத்தாரோ அரசர்களோ கவர்ந்து செல்லாதிருக்க அழகைக் கெடுத்துக்கொண்டார்கள் என்ற விளக்கம் இரண்டு மக்களைப் பற்றியும் உண்டு. வெளியாரின் எழுத்துகளில் மட்டுமல்ல, அம்மக்களின் வாயிலும் அது வழங்குகிறது. கூடவே, பச்சை இல்லாத பெண்ணை அழகியாக யாரும் கருதவில்லை என்று அதே முதிய பெண்கள் சொல்வதும் உண்டு. வந்து கேட்கும் அயலாருக்கு ஒரு வரலாறு தேவைப்படுகிறது. பகைவரின் கொடுமை அதற்குப் பொருத்தமாக அமைகிறது. அழகு என்பதற்கு வரலாறு சொல்ல வேண்டிய தேவை அதை அணிந்தவர்களுக்கு இருப்பதில்லை. கிளியார்க்கஸின் பிற்பகுதிக்குள் இத்தகைய இரட்டைப் பேச்சு ஒன்றின் எதிரொலி இருக்கலாம் என்பது என் ஊகம். ஒப்புமை நிரூபணம் ஆகாது. ஆனால் கேட்கப்பட்ட பெண்ணே தன் குறிக்கு விடை சொல்லியிருக்க முடியாது என்று முன்கூட்டியே கதவை அடைப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

இந்த வாசிப்பு சரியென்றால் குவளைப் பட்டியல்களில் ஒரு பதிவையாவது திருத்த வேண்டிவரும். ஜெர்மனியின் ஷ்வெரின் அருங்காட்சியகத்தில் உள்ள குவளையில், இசை கற்கச் செல்லும் சிறுவன் ஹெராக்ளிஸின் பின்னால் கெரோப்ஸோ என்ற முதிய செவிலி கோலூன்றி நடக்கிறாள். அவள் உடலிலும் பச்சை இருக்கிறது. செவிலி அடிமை, ஆகவே இது அடிமைக்குறி என்று விளக்குவது எளிதாகப் போய்விட்டது. கெட்டேயரிடையே அடிமைகளுக்கும் திரேசியரிடையே உயர்குடிக் குழந்தைகளுக்கும் குத்துவார்கள் என்று ஆர்ட்டெமிடோரஸ் எழுதியிருப்பதையும் இதற்குத் துணையாகக் கொள்ள இயலாது. அவ்வரி திரேசியருக்குத் தருவது நேரெதிரான பொருள். கிரேக்க உரிமையாளன் குத்தும் நெற்றிக்குறி கெரோப்ஸோவிடம் இல்லை. அவளிடம் இருப்பவை ஆர்ஃபியஸைக் கொல்லும் சுதந்திரப் பெண்களிடம் இருக்கும் கோடுகளே. அவை அவளை விலைக்கு வாங்கியவன் இட்டவை அல்ல; விற்கப்படுவதற்கு முன்பு, அவள் பிறந்த வீட்டார் குத்தியவை.