நாகூர்க் கூரைகள்: ஓட்டிலிருந்து தகட்டுக்கு

நாகப்பட்டினத்துக்கு வடக்கே கடலை ஒட்டிய நாகூரிலும் சுற்றியுள்ள டெல்டா ஊர்களிலும் பழைய வீடுகளை மூடியவை தென்னங்கீற்றும், குயவர் சக்கரத்தில் குழாயாக வனைந்து இரண்டாகப் பிளந்து சுட்ட நாட்டு ஓடுமே. கைமரத்தின் மேல் மூங்கில் வரிச்சு கட்டி, ஓடுகளை மல்லாத்தியும் கவிழ்த்தும் அடுக்கடுக்காக வேய்ந்த இக்கூரை ஆணியின்றித் தன் கனத்தாலேயே நின்றதால், குரங்கு ஓடினாலும் ஓடுகள் நழுவின. அதனால் ஐப்பசி மழைக்கு முன் கூரையைப் பிரித்து, உடைந்தவற்றை நீக்கி மீண்டும் வேய்வது வழக்கமாயிற்று. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஆலையின் வழியே பரவிய, ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் சீமை ஓடு இந்த வேலையைப் பெரிதும் குறைத்தது.

1829இல் ஹென்றி பாமர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற நெளிதகடு, பின்னாளில் துத்தநாகம் பூசப்பட்டு, தகரம் என்ற பெயரில் இங்கு வழங்கியது. எடை குறைவு என்பதால் இற்றுப்போன கைமரங்களை எடுத்துவிட்டு இரும்புக் குழாய்ச் சட்டத்தில் அதைப் பொருத்த முடிந்தது. ஆனால் உப்புக்காற்றுக்கு அது எளிய இரை. துரு முதலில் பிடிப்பது திருகாணித் துளையைச் சுற்றித்தான். ஆகவே, நீர் ஓடும் பள்ளத்தில் அல்லாமல் நெளிவின் மேட்டில், ரப்பர் வளையமிட்டுத் திருகாணி முடுக்குவதே நெளிதகட்டு வேலையின் நுட்பம் எனலாம்.

2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் ஓட்டைச் சிதறடித்தது, தகட்டையோ முழுதாகப் பெயர்த்துப் பறக்கவிட்டது. வண்ணம் பூசிய தகடுகள் இன்று பெருகியிருப்பினும், அவற்றின் அடியில் நடுப்பகல் வெக்கையைத் தணிக்க மேலே கீற்றைப் பரப்புவோரும் உண்டு.